ஐரீன் கொண்டுவந்த இரட்டை அச்சு

இது நடந்தது. கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால், நாற்பது வருடம் கடையில் நின்று ஆணியும் பெயின்ட்டும் விற்றிருக்க மாட்டேன். பேய் பிசாசை நான் நம்புகிறவனில்லை. அந்தச் சொல்லை இதற்குச் சொல்ல இன்றைக்கும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த டிசம்பர் சனிக்கிழமை வெண்டல் வீட்டு மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். என் தோளுக்கு ஒரு முழம் தள்ளி அவள் நின்றாள்...

வெண்டலும் நானும் கார்டுப் பைத்தியங்கள் என்று அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் நாட்டில் தபால் கார்டு முதன்முதலாக வந்தது 1873-இல். விலை ஒரு சென்ட். ஸ்டாம்ப் தனியாக ஒட்ட வேண்டாம். கார்டிலேயே பழுப்பு மையில் சுதந்திர தேவியின் தலை அச்சாகியிருக்கும். கோடிக்கணக்கில் அடித்தார்கள். அதில் எங்கோ ஒன்றிரண்டு இயந்திரத்தில் தவறிப்போகும். அச்சு தலைகீழாக விழும், பாதி விழாமல் போகும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடவை விழும். நல்ல கார்டை நாங்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம். குப்பையிலும் கெட்ட குப்பையாகப் பார்த்துப் பொறுக்குகிறீர்களே என்று என் மனைவி சாகும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரட்டை அச்சைப் பிடிப்பது லேசல்ல. இரண்டாவது அச்சு பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கைக் கார்டுக்குப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, லென்ஸைக் கண்ணில் அழுத்திக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் வேறு விளக்கைப் போடக் கூடாது. பார்க்கிறவன் நிமிரக் கூடாது, நிமிர்ந்தால் பார்த்த இடம் தவறிப்போகும். மேசைக்குப் பக்கத்தில் தண்ணீரோ காபியோ வரக் கூடாது. இதெல்லாம் வெண்டலின் மனைவி ஐரீனுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

பிறகு வெண்டலுக்கு மறதி நோய் வந்தது. சாவியை மறந்தான், வீட்டுக்கு வரும் வழியை மறந்தான், கடைசியில் ஐரீனையே மறந்தான். கார்டு மட்டும் மறக்கவில்லை. சனிக்கிழமைதோறும் நான் போவேன். லென்ஸைக் கையில் எடுத்துவிட்டால் பழைய வெண்டல்தான், என்னைத் திட்டுவது உட்பட.

ஐரீன் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னை வழியனுப்ப வந்தவள், தன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"நாப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு கிளைட். நேத்து சாயங்காலம் என்கிட்ட ரொம்ப மரியாதையா கேக்குறார். ‘இருட்டிப்போச்சேம்மா, உங்க வீட்ல தேட மாட்டாங்களா’ன்னு."

அவள் அழவில்லை. 

ஒரே ஒரு தடவை அவன் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு அவள் நம்பியது ஒரு கார்டை. கல்யாணமான வாரம், யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் பழைய சாமான் விற்றபோது இருவரும் சேர்ந்து கண்டெடுத்த இரட்டை அச்சு. வீடு மாறும்போது அது இருந்த பெட்டி தவறுதலாகச் சர்ச் ஏலத்துக்குப் போய்விட்டது. நான் அவர்களுக்குப் பழக்கமாவதற்கு முன்பே நடந்தது. நான் அந்தக் கார்டைப் பார்த்ததே இல்லை. அதை அவன் கையில் கொடுத்தால் தன்னை ஞாபகம் வந்துவிடும் என்று அவள் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை போன் செய்தாள். குரலில் சின்னப் பெண்ணின் துள்ளல். கார்டு கிடைத்துவிட்டதாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை வீட்டு அம்மாளிடம் இருக்கிறதாம். மத்தியானம் வெண்டல் தூங்கும்போது போய் வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குள் திரும்பிவிடுவாளாம். நீங்க நாலு மணிக்கு வந்துடுங்க, பக்கத்துல இருந்து பாருங்க என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். வெளிச்சம் போய்விட்டது. பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஐரீனின் கார் வாசலில் இல்லை. பனிக்காகக் கொட்டகைக்குள் விட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

கதவு எப்போதும்போல் பூட்டாமல் இருந்தது. உள்ளே பீன்ஸ் வாசனை. எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை காலையிலேயே பீன்ஸ் கொட்டைகள் போட்ட பானையை அடுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். அது சாயங்காலம் வரை மெல்ல வேகும். அன்று அந்த வாசனையில் லேசான கருகல் கலந்திருந்தது. ஐரீன் எதையும் கருகவிட்டு நான் பார்த்ததில்லை.

வெண்டல் இருட்டில் மேசை விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான்.

"ஐரீன் எங்கடா?" என்றேன்.

"யாரு?"

"இங்க ஒரு அம்மா இருப்பாங்களே."

"அவங்களா? வெளிய போனாங்க. பாவம், இந்தப் பனியில."

வழியில் தாமதமாகியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொண்டுபோன என் கார்டை அவன் முன்னால் வைத்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இது இரட்டை அச்சுன்னு எவன் சொன்னான்? மை இழுத்திருக்கு, அவ்வளவுதான். பெயின்ட் வித்து வித்து உனக்குக் கண்ணே அவிஞ்சுபோச்சு."

நான் சிரித்துவிட்டு லென்ஸை வாங்கிக் குனிந்தேன். அவன் சொன்னது சரியா என்று பார்க்கத்தான்.

நாலே முக்கால் இருக்கும்.

பின்பக்கம் தரைப்பலகை முனகியது. ஒருமுறை... இன்னொரு முறை...

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. குளிர்காற்றும் உள்ளே வரவில்லை.

"வந்தாச்சா ஐரீன்? பீன்ஸ் கருகுது பாரு" என்றேன், தலை நிமிராமல்.



விளக்கு வட்டத்துக்குள் ஒரு கை வந்தது. விரலில் தேய்ந்த கல்யாண மோதிரம். ஐரீனின் கைதான். நகங்கள் மட்டும் நீலம் பாய்ந்து கிடந்தன. கை ஒரு கார்டை மேசைமேல் வைத்துவிட்டு, மெதுவாகப் பின்னால் போனது.

அந்தக் கார்டைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் நினைவில்லை. பழுப்புத் தலை. அதற்குச் சற்றுக் கீழே, இடப்பக்கம் தள்ளி, வெளிறிய இன்னொரு தலை. இரண்டு மூக்கு, இரண்டு மோவாய். மேல் மூலையில் துருக்கறை படிந்த ஒரு ஆணித் துளை. என் வாழ்நாளில் இப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

டப்...

கார்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

டப்...

"தள்ளி நில்லும்மா, தண்ணி சொட்டுது."

நான்தான் அப்படிச் சொன்னேன். நிமிராமல்.

வெண்டல் என் கையிலிருந்து கார்டை எடுத்தான். லென்ஸ் இல்லாமலே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஐரீன்" என்றான்.

நான் லென்ஸைக் கீழே வைத்தேன்.

"கொட்டகை பரண்ல கெடந்ததே, அதானே இது? நீ நீலத் தொப்பி போட்டிருந்தே ஐரீன். ஏணியில ஏற மாட்டேன்னு அடம்பிடிச்சே."

இருட்டில் யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கை வந்து அவன் தோள்மேல் படிந்தது. அப்போதுதான் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். விளக்கு தாழ்ந்திருந்ததால் கோட்டின் கீழ்ப்பாதிதான் தெரிந்தது. அதற்குமேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. விளக்கைப் போட எழவில்லை. இத்தனை நாள் ஏங்கியவள், கொஞ்ச நேரம் அவனோடு இருக்கட்டும் என்று சந்தோஷத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெண்டல் அந்தக் கையைப் பிடித்தான். முகம் மாறியது.

"கிளைட், இவளுக்குக் குளிருது. போய்க் கூட்டிட்டு வா."

"இங்கதானேடா நிக்கிறா."

"இல்ல. கார்ல இருக்கா. சீக்கிரம் போ."

மறதி திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் உளறினால் மறுத்துப் பேசாமல் தலையாட்டிவிடுவதுதான் எங்கள் பழக்கம்.

"சரிடா, போறேன்" என்றேன்.

எழுந்திருக்கவில்லை.

சுவர்க்கடிகாரம் ஐந்து அடித்தது.

அவன் தோள்மேல் கை இல்லை.

"போயிட்டா" என்றான் வெண்டல்.

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தைபோல் அழுதான்.

புகை நாற்றம் மூக்கைத் துளைத்தது. சமையலறைக்கு ஓடினேன். ஆளில்லை. விளக்கில்லை. பானை கரியாகிக் கிடந்தது. கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். அங்கே காரும் இல்லை.

திரும்பி வந்து எல்லா விளக்கையும் போட்டேன். மேசையில் என் கார்டு மட்டும் இருந்தது. தண்ணீர் விழுந்த இடம் காய்ந்திருந்தது.

இரட்டை அச்சு இல்லை...

போலீசுக்குப் போன் போட்டேன். ஆறரை மணிக்கு ஒரு இளம் போலீஸ்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆற்றுப் பாலத்தருகே கார் வழுக்கி, கீழே மரங்களுக்குள் போயிருக்கிறது. இரண்டரை மணி வாக்கில் நடந்திருக்க வேண்டும். விழுந்த பனி டயர்த் தடத்தை மூடியிருந்ததால் மேலே போனவர்கள் கண்ணில் படவில்லை. ஐரீனின் உடலை எடுத்தாகிவிட்டது.

கோட்டுக்கு உள்பையில், நனையாமல் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாளாம். அவர் என்னிடம் நீட்டினார். பிரித்தேன். இரண்டு மூக்கு, இரண்டு மோவாய். மேல் மூலையில் ஆணித் துளை.

வெண்டலின் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். பிறகு போலீஸ்காரரைப் பார்த்து, "ஐயோ பாவம். அந்தம்மா வீட்ல சொல்லிட்டீங்களா?" என்றான்.

அடக்கம் முடிந்தது. இரண்டரை மணிக்கே செத்துவிட்டாள், நாலே முக்காலுக்கு வந்தது அவளுடைய ஆவி என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது பயங்கரமான கணக்குதான். ஆனாலும் அதோடு வாழ முடியும் என்று தோன்றியது. செத்த பிறகாவது அவளுக்கு வேண்டியது கிடைத்ததே என்று ஆறுதல்கூடச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரைப் பார்த்தேன். கஷ்டப்படாமல் போனாளா என்று கேட்டேன்.  பெரிய அடி எதுவும் இல்லையாம். கால் மட்டும் சிக்கிக்கொண்டதாம். குளிரில்தான் உயிர் போயிருக்கிறது.

"ரொம்ப நேரம் உயிரோடதான் இருந்திருக்காங்க" என்றார். "அஞ்சு மணி வரைக்கும் இருந்திருப்பாங்க."

வெண்டல் வீட்டிலிருந்து அந்தப் பாலத்துக்குக் காரில் ஏழு நிமிடம்.