மைக் ஊளையிட்ட ஞாயிற்றுக்கிழமை

மும்பை மாட்டுங்காவில் ஒரு சபா ஹாலில் இருபது வருடமாக மைக் செட் பார்க்கிறேன். வீடு தாராவியில். படிப்பு பத்தாவது. ஹாலின் கடைசியில், தூணுக்குப் பின்னால், மிக்ஸரோடு உட்கார்ந்திருப்பேன். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேசவே கூச்சப்படும் எனக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக, நான் வகையாக மாட்டிக்கொண்ட ஒரு நாளை எழுதுகிறேன்.

1. ஜமக்காளம்

அன்று காலை செக்ரட்டரி சார் கூப்பிட்டார்.

"முருகேசா, சாயங்காலம் ஒரு மியூசிக் ப்ரோக்ராம். செம்பூர் பசங்க நாலு பேர். நம்ம மெம்பர் ஒருத்தரோட பொண்ணு பாடறா. போன மாசம் மைக் ஊளையிட்டு, வித்வான் கோச்சுண்டு பாதியில எழுந்து போனாரோல்லியோ? கமிட்டில எல்லாரும் உன்னை மாத்தச் சொல்றா. இன்னிக்கு ஒரு தரம் ஊளை கேட்டாலும் என்னால உன்னைக் காப்பாத்த முடியாது, பாத்துக்கோ."

"சரி சார்" என்றேன். அவரிடம் நான் பேசுவதே அந்த இரண்டு சொல்தான்.

எப்போதும்போல் மேடையில் ஜமக்காளம் விரித்தேன். உட்கார்ந்து பாடும் உயரத்துக்கு நாலு குட்டை ஸ்டாண்டு வைத்தேன். சுருதிப் பெட்டிக்கு ஒரு பிளக் பாயின்டும் ஒதுக்கினேன்.

நாலு பேரும் வந்தார்கள். கறுப்பு டீ-ஷர்ட், முழங்கால் வரை பூட்ஸ். பாடும் பெண் நித்யாவின் தலைமுடி நீலம். ஜமக்காளத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நாங்க பங்க் பேண்ட். கத்துவோம், குதிப்போம்" என்றாள். பங்க் என்றால் என்னவென்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஜமக்காளத்தைச் சுருட்டி ஸ்டாண்டுகளை உயர்த்தினேன்.

ஆனால் மேடையில் செருப்பு கூடாது என்பது சபா விதி. அதைக் கையால் சாடை காட்டியே சொல்லிவிட்டேன். பூட்ஸ் கழற்ற மட்டும் கால் மணி நேரம் ஆனது. டிரம்மரின் சாக்ஸில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

2. ஊளை

ஸ்பீக்கரில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போனால் 'ஊய்ங்' என்று ஊளையிடும். ஃபீட்பேக் என்போம். அது காதில் பட்டதும் என் கை தானாக, மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கிவிடும். மூளையிடம் அனுமதி கேட்பதில்லை.

முதல் பாட்டு, ஓடாத லிஃப்ட் பற்றி. "பழைய பங்க் பேண்டுங்க எல்லாம் கவர்ன்மென்டைத் திட்டினாங்க. நாங்க ஹவுசிங் சொசைட்டியைத் திட்டறோம்!" என்று நித்யா அறிவித்தாள். "லிஃப்ட் பந்த்!" என்று அவள் கத்த, வந்திருந்த இளவட்டங்களும் கத்தின. பாட்டின் உச்சத்தில் மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கரின் முகத்தில் வைத்தாள்.

ஊய்ங்! இறக்கினேன். மறுபடி வைத்தாள். மறுபடி இறக்கினேன். மூன்றாவது முறை பாட்டே நின்றது. தன் மைக்கில் சத்தமே வராததால் அவள் கிட்டார்காரனின் மைக்கைப் பிடுங்கினாள்.

"அங்கிள், க்யா ஹுவா, என்ன ஆச்சு? அது ஃபால்ட் இல்ல, பாட்டு! எங்க முதல் ஷோ அங்கிள், ப்ளீஸ்!"

மொத்த ஹாலும் திரும்பித் தூணைப் பார்த்தது. "அங்-கிள்! அங்-கிள்!" என்று கை தட்டியது. முதல் வரிசையில் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த செக்ரட்டரி சார் எழுந்து என்னை நோக்கி வந்தார்.

ஏற்றினால் என் வேலை போகும். ஏற்றாவிட்டால் அந்தப் பெண்ணின் பாட்டு போகும். இன்னும் ஒரு நிமிடம் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் என் உயிரே போகும். கண்ணை மூடிக்கொண்டு ஃபேடரை ஏற்றினேன்.

அவள் மறுபடி மைக்கை ஸ்பீக்கரில் வைத்திருக்க வேண்டும்; 'ஊய்ங்' என்று ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கண்ணைத் திறந்தபோது சார் பக்கத்தில், பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றார்.

"என்னடா இது ஊளை?"

"அவுகதான் வேணும்னே போடுதாவ, சார். இறக்குனா பாட்டு கெட்டுப்போயிரும்னு..." அவரிடம் நான் பேசியதில் இதுதான் மிக நீளமான பேச்சு.

"அசடு, சுருதியிலன்னா நிக்கறது! போன மாசம் வந்த வித்வானே இப்படி நிக்கலை. எதுக்கு இறக்கினே?" என்றவர், முழங்காலைப் பிடித்தபடி, "எங்காத்து லிஃப்டும் ரெண்டு மாசமா பந்த்" என்றார். அடுத்த முறை கூட்டம் கத்தியபோது அவர் குரலும் கேட்டது, தாளம் தப்பாமல்.

முடிவில் சபா வழக்கப்படி நாலு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார். டிரம்மர் அதைத் தலையில் கட்டிக்கொண்டு இன்னொரு பாட்டு வாசித்தான்.

3. அதன் பிறகு

"ஊளைன்னாலும் சுருதியோட போடறான்" என்று சார் கமிட்டியில் சொன்னாராம். வேலை தப்பியது. ஆனால் அடுத்த சனிக்கிழமை வயலின் கச்சேரியில் மைக் நிஜமாகவே ஊளையிட்டது. என் கை ஃபேடர்மேல் அப்படியே நின்றுவிட்டது. ஒருவேளை இவரும் வேண்டுமென்றேதான் போடுகிறாரோ? வித்வான் முறைத்தார். முதல் வரிசையிலிருந்து சார் கத்தினார்:

"முருகேசா, இவர் பங்க் இல்லடா! இறக்கு!"

அன்று முதல், எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், மைக் வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: "உங்களுக்கு ஊளை வேணுமா, வேண்டாமா?" நீங்களும் கேளுங்கள். பெரும்பாலும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். போன வாரம் வந்த உபன்யாசகர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைசியில ஜனங்க தூங்கிட்டா, ஒரு தரம் போடுங்கோ" என்றார்.