அத்தானுக்காக வாசித்த காலம்

தினமும் ஒரு மணி நேரம் புத்தகம் வாசித்தால் வாழ்க்கையிலும் வேலையிலும் உயர்ந்துவிடலாம் என்று வட சிலாங்கூர்த் தோட்டங்களில் மண்டபம் மண்டபமாகப் போய்ப் பேசிவந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் அக்காளின் கணவர். அவர் ஒரு புத்தகத்தைக்கூட வாசித்ததில்லை. அவருக்கும் சேர்த்து வாசித்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து, மூன்றாம் கிரேடு சான்றிதழோடு ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலையில்லாமல் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார்கள். பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு மறுபடியும் மரத்தடிக்கே அழைத்துப்போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. வேறு எங்கே அனுப்புவது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் கோலசிலாங்கூரில் இருந்த அக்காள் இரண்டாவது பிள்ளைக்கு உண்டாகியிருந்தாள். வீட்டுக்கு ஒத்தாசை வேண்டும் என்று அத்தான் காடியை எடுத்துக்கொண்டு வந்து தோட்டத்து வீட்டு வரிசையான லயத்து வாசலில் ஹார்ன் அடித்தார். லயமே வெளியே வந்து பார்த்தது. அதற்காகத்தான் அடித்தார்.

அத்தான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அந்த வெயிலிலும் நீளக்கை சட்டை, கழுத்தில் டை, முகத்தில் பவுடர். கையில் எப்போதும் ஒரு தோல்பெட்டி. ஒருநாள் அதைத் துடைத்துவைக்கத் திறந்தபோது உள்ளே பார்த்தேன். ஒரு சீப்பு, பாதி தின்ற தேங்காய் ரொட்டி, பாலிசி பாரங்கள். இங்கிலீஷில் அவருக்கு ஏழெட்டு வார்த்தைகள் தெரியும். அவற்றை ஆள் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். கடைக்காரருக்கு ‘நோ பிராப்ளம்’, எனக்கு ‘பாசிட்டிவ்’, அக்காளுக்கு ‘டோன்ட் டிஸ்டர்ப்’.

நான் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் அவருடைய கம்பெனி அவரைக் கோலாலம்பூரில் ஏதோ ஹோட்டலில் நடந்த பயிற்சிக்கு அனுப்பியது. போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் புத்தகங்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வெள்ளைக்காரர் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியிலிருந்து அக்காளின் கல்யாணக் கோப்பைகளை எடுத்து அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் புத்தகங்களை அடுக்கினார். வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் நேரே கண்ணில் படவேண்டும். எங்கள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து பார்த்து, அலமாரியைக் கொஞ்சம் இழுத்துப்போட்டார்.

“யாரும் தொடக்கூடாது” என்றார்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு புத்தகத்தோடு வந்து நின்றார்.

“ஏம்மா, நீ இங்கிலீஷ்ல கிரெடிட் எடுத்தல்ல?”

“பாஸ்தான், அத்தான்.”

“அது போதும் லா. இத படிச்சு என்ன சொல்லியிருக்கான்னு சுருக்கமா சொல்லு. எனக்கு டைம் இல்ல.”

அவருக்கு நேரம் நிறையவே இருந்தது. மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை விசிறிக்குக் கீழே குறட்டை விடுகிறவர் அவர். ஆனாலும் மீன் கையை அலம்பிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்து அகராதியை அம்மா என் துணிகளோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தாள். முதல் பக்கத்தைத் தாண்டவே மூன்று நாள் போல ஆயிற்று.

அப்படித் தொடங்கியது. தினமும் வேலை ஓய்ந்த நேரத்தில் வாசிப்பேன். காலையில் அத்தான் பின்கட்டுக் குழாயடிச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டிவைத்து முகம் வழிப்பார். நான் துணி அலசியபடி வாசித்ததைச் சொல்லுவேன். முகமெல்லாம் நுரையோடு தலையை ஆட்டிக் கேட்பார்.

“கத ஏதாச்சும் இருக்கா?” என்பார்.

“ஒருத்தர் கடையில தோத்துப்போயி, திரும்பக் கடை போட்டு…”

“அத சொல்லு. மத்தது வேணாம்.”

அந்தப் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அகராதியைப் புரட்டிப் புரட்டி, வியர்த்து விறுவிறுத்து ஒரு புத்தகத்தை முடித்தால், உள்ளே இருந்தது மூன்று விஷயம். சீக்கிரம் எழுந்திரு, சிரித்துப் பேசு, உன்னால் முடியும் என்று சொல்லிக்கொள். இதைச் சொல்ல இருநூறு பக்கம். என் அம்மா விடியுமுன் எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் போனவள். சீக்கிரம் எழுவதால் செல்வம் வருமென்றால் அந்தத் தோட்டத்தையே அவள் விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். அட்டையில் சிரித்த வெள்ளைக்காரர்களில் ஒருவருக்கும் என் அம்மாவைத் தெரிந்திருக்கவில்லை.

ஆனாலும் இங்கிலீஷ் வந்துவிட்டது. மட்டமான புத்தகத்திலும் வாக்கியங்கள் வாக்கியங்கள்தானே. ஒருநாள் அகராதியைத் தொடாமலே ஒரு பக்கத்தைக் கடந்துவிட்டதைக் கவனித்தேன். துணி காயப்போடப் போனவள் கொடிக்கு அடியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு புத்தகங்கள் வேண்டியிருந்தன. அக்காளின் மூத்த பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப்போகும் நாட்களில் திரும்பும் வழியில் பட்டணத்து நூலகத்தில் நுழைந்துவிடுவேன். சின்ன இடம். அங்கே இருந்த மலாய்க்கார அம்மா பிள்ளைக்குப் படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துத் தரையில் உட்காரவைப்பார். நான் அறிவியல் அலமாரிக்குப் போவேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் ரசாயனம். அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் பாதி வருஷத்துக்கு மேல் இல்லை. விட்டுப்போனதை நானே மலாயிலும் இங்கிலீஷிலும் தேடிப் படித்தேன். யாரும் சிரிக்காத அட்டைகள். சொல்வதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் புத்தகங்கள். அதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

அத்தான் அதைப் பார்த்துவிட்டார்.

“இதெல்லாம் எதுக்கு ஒனக்கு? பொம்பளப்புள்ள, கண்ணு கெட்டுப் போயிரும். நான் குடுத்தத முடிச்சியா?”

அவர் கொடுத்ததை வாசித்தால் கண் கெடாது போலும்.

இதற்குள் அவருடைய கூட்டங்கள் களைகட்டிவிட்டன. சபாக் பக்கம், பத்தாங் காலி பக்கம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து மண்டபங்களில் பேச்சு. குடும்பஸ்தன் என்று தெரியவேண்டுமாம், எங்களையும் காடியில் ஏற்றிக்கொள்வார். அக்காள் கைப்பிள்ளையோடு முதல் வரிசையில். பக்கத்தில் நான், மடியில் மூத்தவன். பூப்பந்துக் கோடு போட்ட தரையில் நாற்காலிகள், ஓரத்து மேசையில் கறிபாப் பலகாரமும் சிவப்புச் சர்பத்துத் தண்ணீரும். ஜனங்கள் எதற்கு வந்தார்கள் என்பது அவர்கள் அந்த மேசையைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. வாரம் முழுக்க வேலை செய்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை சொல்ல வேண்டியவர் சபாக் பக்கத் தோட்டத்தின் ஆபீஸ் கணக்கர், கிராணி. குதிரைப் பந்தய முடிவைத் தவிர அச்சில் வந்த எதையும் படிக்காதவர் என்று தோட்டமே சொல்லும். அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அத்தான் சொன்ன ஒவ்வொன்றுக்கும், முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்.

“தினமும் குளிக்கிறோமா இல்லையா?” என்று அத்தான் மைக்கில் கத்துவார். “மூளைய எப்ப குளிப்பாட்டினீங்க? ஒரு மணி நேரம்! நான் காலையில எந்திரிச்சதும் வாசிக்காம பசியாறவே மாட்டேன்!”

காலையில் எழுந்ததும் அவர் தேடியது கோப்பியை. அதைப் போட்டுக் கொடுத்தவளும் நான்தான்.

நான் குழாயடியில் சொன்ன கதைகள், நான் சொன்ன வார்த்தைகளாகவே, மேடையில் வந்தன. ஒரு பெயரைத் தப்பாக உச்சரித்திருந்தால் அந்தத் தப்பும் அப்படியே வந்தது. பேச்சு முடிந்ததும் தோல்பெட்டி திறக்கும், பாலிசி பாரங்கள் வெளியே வரும். அறிவு வளர்ச்சி பதினைந்து நிமிஷத்தில் ஆயுள் காப்புறுதியாக மாறிவிடும்.

ஈஜோக் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஆய்வுக்கூடத்துக்கு உதவியாள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நான் மனுப்போட்டேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அத்தானிடம் சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“செம்பனை ஆலையா? நாத்தம் தாங்காது லா. ஒன்ன எவன் கட்டிக்குவான்?” என்றார். ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, “அப்புறம் என் புக்கெல்லாம் யாரு பாக்கறது?” என்றார். முதல் கேள்வி எனக்காகக் கேட்டது, இரண்டாவது உண்மை.

பஸ் ஏறிப் போனேன். சட்டைக் கையில் எண்ணெய்க் கறையோடு ஒரு சீனர், ஆலையின் இன்ஜினியர், எதிரே உட்கார்ந்திருந்தார். சான்றிதழைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஒரு கருவியோடு வந்த இங்கிலீஷ் விளக்கத் தாளை நீட்டி, வாசித்து மலாயில் சொல் என்றார். வாசித்தேன், சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில், எந்த அமிலம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். “போலே” என்றார், மலாயில் சரி என்று. அவ்வளவுதான் நேர்காணல். பாசிட்டிவாக இருக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை.

வேலை கிடைத்த சேதி அத்தானை இரண்டு நாள் முகம் தூக்கவைத்தது. மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு சபாக் பக்கத் தோட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று முதல் வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“இந்தப் புள்ள யாருன்னு தெரியுமா? என் மச்சினிச்சி. லயத்துல சும்மா கெடந்துச்சு. எங்க வீட்டுக்கு வந்துச்சு. தினமும் ஒரு மணி நேரம் வாசிக்க நாந்தான் பழக்கிவிட்டேன். இன்னைக்கு ஆலையில ஆய்வுக்கூடத்துல வேல! வாம்மா, மேல வா. ரெண்டு வார்த்த பேசு.”

மைக்கை என் கையில் திணித்தார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. கிராணி தலையாட்டத் தயாராக இருந்தார். நான் மைக்கை வாய்க்கு நேரே பிடித்தேன்.

“அத்தான் சொல்ற புத்தகம் எதையும் அவர் படிச்சதில்லைங்க. நான்தான் படிக்கறேன். காலையில அவர் ஷேவ் பண்றப்ப நான் சொல்லுவேன். அதத்தான் உங்ககிட்ட வந்து சொல்றாரு.”

மண்டபத்தில் தலைகள் அத்தான் பக்கம் திரும்பின. அக்காள் குனிந்து பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தாள். அத்தானின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

“பாத்தீங்களா? தலைவன்னா யாரு? எல்லாத்தையும் தானே செய்றவனா? இல்ல! மத்தவங்கள செய்ய வைக்கிறவன்! என் வீட்டுலயே ஒரு ஆள உருவாக்கிட்டேனா இல்லையா?”

கைதட்டல் எழுந்தது. கிராணி எழுந்து நின்றே தட்டினார். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அன்று பாரங்கள் போதவில்லை; காடியிலிருந்து இன்னொரு கட்டு எடுத்துவரச் சொன்னார். ஒருவர், ஒரே ஒருவராவது, “அப்படின்னா நீ ஏன்யா படிக்கல?” என்று கேட்பார் என்று மேடை ஓரத்தில் காத்து நின்றேன். கேட்கவில்லை. கறிபாப் தீர்ந்ததும் கலைந்தார்கள். ஏமாறுவது ஜனங்களுக்கு ஒரு சிரமமே இல்லை, உண்மையைக் கேட்டுவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பதுதான் சிரமம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டியடித்தபடி வந்தார். திட்டியது அக்காள்தான், வீட்டுக்கு வந்த பிறகு.

“சோறு போட்ட மனுசன சபையில வெச்சுக் கேவலப்படுத்துவியா?”

“கேவலம் எங்க ஆச்சுக்கா? கைதான தட்டுனாங்க.”

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் என் துணிகளையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். வேலை தொடங்கியதும் ஆலைக் குவார்ட்டர்ஸில் ஓர் அறை கிடைத்தது.

ஆய்வுக்கூட வேலையில் பாதி காத்திருப்பது. எண்ணெயை எடுத்துக் குடுவையில் வைத்து, துளித்துளியாக மருந்து விட்டு, இளஞ்சிவப்பு வரும்போது நிறுத்தினால் அமிலம் எவ்வளவு என்று தெரியும். அது சட்டென முடியும். பிழிந்த சக்கையில் எவ்வளவு எண்ணெய் வீணாகிறது என்று பார்க்கவோ மணிக்கணக்கில் கொதிக்கவைக்க வேண்டும். அந்த நேரங்களில் வாசித்தேன். என்னோடு வேலை செய்தவர்கள் கேலி பண்ணினார்கள். “மேடம் மேனேஜராகப் போறாங்க” என்பான் ஒருவன். நான்கு வருஷமாக அதே கேலி. அதை மாற்றக்கூட அவனுக்கு ஒரு புது வாக்கியம் கிடைக்கவில்லை. நான் தபால் வழியில் படித்துப் பரீட்சை எழுதினேன். எண்பதுகள் முடிவதற்குள் ஆய்வுக்கூடம் என் பொறுப்பில் வந்தது.

வாசிப்பு என்னை உயர்த்தியதா என்று கேட்டால், ஓரளவுக்கு. எனக்கு முன்னால் இருந்தவர் பெரிய ஆலைக்குப் போய்விட்டதும் ஒரு காரணம். அத்தானும் உயர்ந்தார். கிளை மேனேஜர் ஆனார், பெரிய காடி வாங்கினார், ஒரு பக்கமும் வாசிக்காமல். ஆகவே வாசித்தால் பதவி வரும் என்று மேடையில் முழங்குகிற எவரைக் கண்டாலும் இன்றைக்கும் எனக்கு வாய் கோணிக்கொள்கிறது. பதவிக்கு வேறு வழிகள் இருக்கின்றன, எல்லாம் இதைவிடச் சுருக்கமானவை. நான் வாசித்தது, வாசிக்காத நாளில் எனக்கு என்னையே பிடிக்காமல் போனதால்.

அந்தச் சண்டைக்குச் சில வருஷம் கழித்து அக்காள் என்னைத் தேடி வந்தாள். அத்தான் வேலை வேலை என்று கோலாலம்பூரிலேயே கிடக்கத் தொடங்கியிருந்த காலம். ஒரு ஞாயிறு மத்தியானம் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். என் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டி” என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

“எப்பலருந்து?”

“கல்யாணம் ஆன வாரமே. மருந்து பாட்டில்ல இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்கு, பாருங்கன்னு குடுத்தேன். கண்ணாடிய காணோம்னாரு.”

“அத்தான் கண்ணாடியே போடமாட்டாரே.”

“அதான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் கிடந்த என் தமிழ் நாவலை எடுத்துப் புரட்டினாள். ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். முதலில் விரல் வைத்து வாசித்தாள், பிறகு விரலை எடுத்துவிட்டாள். நான் உலையில் அரிசியைப் போட்டேன், கருவாட்டைப் பொரித்தேன். சின்னவன் போய் அவள் மடியைப் பிடித்து இழுத்துப் பசிக்கிறது என்றான்.

“சித்தி குடுப்பா, போ” என்றாள் அவள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.