மடிப்புக்குள் இருந்தவர்கள்

சின்னவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதன் பிறகு அவள் கையிலிருந்தது அளவுகோலும் கண்ணாடி அறுக்கும் கட்டரும்தான். படத்துக்கு பிரேம் போட அந்தத் தெருவே அவளிடம் வரும். இரண்டு முறை அளக்காமல் அவள் கட்டையை அறுத்ததில்லை. அளந்தபின் எந்தக் கொம்பனுக்காகவும் மாற்றியதுமில்லை.

ஆலைத் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்தார். சங்கம் பிறந்த வேலைநிறுத்தத்தின்போது எடுத்தது. கண்ணாடியில் விரிசல். சாயங்காலக் கூட்டத்துக்குள் மாற்ற வேண்டும். ஆலையில் பெருக்கும் பெண்களைச் சங்கத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம் அது. சின்னவளின் அண்ணியும் அந்தப் பெண்களில் ஒருத்தி. சங்கத்தில் இல்லாததால் மேஸ்திரி நினைத்த நாளில் அவர்களை வீட்டுக்கு அனுப்பலாம். "நேத்து வந்ததுங்களுக்கு என்ன சங்கம்?" என்பது செயலாளரின் வாடிக்கையான பேச்சு.

சின்னவள் பின்னட்டையைக் கழற்றினாள். படத்தின் இடது ஓரம் ஒரு சாண் அகலத்துக்குப் பின்னால் மடிந்திருந்தது. மெல்லப் பிரித்தாள். துடைப்பமும் கையுமாக ஒரு வரிசைப் பெண்கள். நடுவில், தலையில் ரத்தம் தோய்ந்த துணிக்கட்டோடு, அந்த ஆலையைப் பெருக்கிய அவள் அம்மா. நெற்றித் தழும்பைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "வழுக்கி விழுந்தேன்" என்று சாகும்வரை சொன்ன அம்மா.

மத்தியானம் செயலாளர் வந்தார்.

"முடிஞ்சுதாம்மா?"

"பெரிய பிரேமா போடணும்ணே. முழுப் படமும் தெரியட்டும்."

அவர் குனிந்து பார்த்தார். முகம் கறுத்தது. "இடம் பத்தாம மடிச்சிருப்பாங்க. பழையபடியே போடு."

"இடம் பத்தலைன்னா வலப்பக்கம் மடிச்சிருக்கலாமே? அங்க வெறும் சுவரும் ஒரு சைக்கிளும்தான நிக்குது. சைக்கிளுக்கு இடமிருந்துச்சு, எங்கம்மாவுக்கு இல்லையா?"

"பிரேம் போடுறவ சங்கத்துக்குச் சரித்திரம் சொல்லித் தர்றியா? கொண்டா இப்படி!"

பிடுங்கி, பழைய மடிப்பிலேயே அழுத்தி மடித்தார். இத்தனை வருஷக் காகிதம் தாங்குமா? மடிப்போடு இரண்டாகப் போயிற்று. பெண்கள் இருந்த துண்டைத் தரையில் விட்டெறிந்து, மீதியைப் பிரேம் இல்லாமலே எடுத்துக்கொண்டார்.

"உங்கம்மாவ நீயே வெச்சுக்க."

அண்ணி வந்து அதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாள். "அத்தை அடி வாங்கினாங்களா? என்கிட்டகூட சொல்லலையேடி!"

"சொல்லியிருந்தா இருந்த பெருக்குற வேலையும் போயிருக்கும் அண்ணி."

அன்று கூட்டத்தில் அண்ணி அந்தத் துண்டைச் சுவரில் வெறுமனே ஒட்டியிருந்த படத்தோடு சேர்த்துப் பிடித்தாள். கிழிசல் இம்மி பிசகாமல் பொருந்தியது. பார்த்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். ஆனால் கை தூக்கச் சொன்னபோது பெண்களுக்காகப் பாதிக் கைகள்கூட எழவில்லை.

மறுநாள் பெருக்கும் பெண்கள் ஒருத்தியும் ஆலைக்குள் போகவில்லை. வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டுச் சின்னவளும் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். செயலாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டுடி வேலைய நிறுத்தினீங்க?"

அண்ணி எழுந்திருக்கவில்லை.

"எங்க மாமியாரக் கேட்டு."