வெறும் கட்டத்துக்கு நான் எழுதிய அர்த்தம்

நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று நம்பித்தான் இத்தனை வருடம் நிம்மதியாக எழுதினேன். மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் தொழில். வாங்கியவர்கள் கையேட்டைத் திறக்க மாட்டார்கள். பட்டனை அமுக்கிப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் போன் எடுத்துத் திட்டுவார்கள். என் பிழைகள் பத்திரமாக இருந்தன.

1. புது வாசகர்

பதுளையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் ஒஃபிஸ். டீமுக்குப் பொறுப்பு ரிஸ்வான், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு நாள் புது வேலை தந்தார்: பழக்கங்களைக் குறித்துவைக்கும் ஒரு நாட்காட்டி. நடைப்பயிற்சி, மாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் தினம் ஒரு கட்டம். செய்தால் போனில் ஒரு டிக் போட வேண்டும். அந்த நாட்காட்டியை ஏஐ ஏஜென்ட் பார்த்து, ஆளுக்குக் குரலில் ஞாபகப்படுத்தும்.

"இந்தக் கையேட்டை மனுசன் படிக்கப்போறதில்ல அண்ணே. ஏஜென்ட்தான் படிக்கும்" என்றார்.

"மனுசனே படிக்கல, மெசின் படிக்கப்போகுதா?" என்று சிரித்தேன்.

இந்த வேலைக்கு வருமுன் நான் தேயிலைத் தோட்ட ஒஃபிஸில் செக்ரோல், அதாவது ஆட்களின் தினசரி வரவுப் பதிவு, எழுதியவன். விடிகாலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் ஆள் வந்தால் பேர் விழும். கட்டம் வெறுமையாக இருந்தால் ஆள் வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பழக்கத்திலேயே இதையும் எழுதினேன்: 'கட்டம் வெறுமையாக இருந்தால் பயனர் அதைச் செய்யவில்லை. செய்யச் சொல்லவும்.'

எழுதி முடித்து டீ குடிக்கப் போனேன்.

2. மூன்று 'சரி'

பரீட்சித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் என் அக்கா ராசாத்தியைச் சேர்த்துவிட்டேன். அவளுக்குச் சீனி வருத்தம். காலையில் ஒரு மாத்திரை போட வேண்டும்.

முதல் நாள் பத்தரை மணிக்கு ரிஸ்வான் கூப்பிட்டார். "அண்ணே, அக்காவோட ஏஜென்ட் பேசின லொக்கைக் கொஞ்சம் பாருங்க."

ஏழரைக்கு ஏஜென்ட்: 'இன்று மாத்திரை போடவில்லை. இப்போது போடுங்கள்.' அக்கா: 'சரி.' எட்டரைக்கு அதே வார்த்தை. அக்கா: 'சரி.' ஒன்பதரைக்கு மறுபடியும். 'சரி.'

அக்கா விடிந்ததும் மாத்திரை போட்டுவிட்டுத்தான் தேயிலை மலைக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். டிக் போடுவது மட்டும் சாயந்தரம், கொழுந்துக் கறையைக் கழுவிய பிறகு. அதுவும் தெரியும். ஒன்றும் மூன்றும் நாலு மாத்திரை. சீனி இறங்கினால் ஆள் மயங்கி விழும். மலையிலே விழுந்தால்?

ஏஜென்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அக்காவுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. பசறை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், இடது காலில் என் செருப்பு, வலது காலில் ரிஸ்வானுடையது. ஒவ்வொரு வளைவிலும் அக்காவுக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். 'மெசின்தான் சொல்லிச்சு' என்று ஆரம்பித்தேன். மெசினுக்கு யார் சொன்னது என்ற இடத்தில் ஒத்திகை நின்றுபோனது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் அக்கா வரிசையில் நின்றிருந்தாள்.

"எத்தன மாத்திர போட்ட?"

"என்னடா, மூச்சு வாங்குது? ஒண்ணுதான்."

"மூணு தடவ சரின்னியே!"

"அது விடாம நச்சரிக்குது. சரின்னாத்தான் வாய மூடுது. நீ முதல்ல தண்ணியக் குடி. காலுல என்னடா அது?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

3. திருத்தம்

மறுநாள் வரியை மாற்றினேன்: 'வெறும் கட்டம் என்றால் தெரியாது என்று பொருள். செய்யச் சொல்ல வேண்டாம். செய்தாரா என்று கேட்கவும். மாத்திரை விஷயத்தில் தெளிவான பதில் இல்லாவிட்டால் அத்துடன் நிறுத்தவும்.' செக்ரோலில் பேர் போடத் தவறினால் மாலையில் ஆள் வந்து கங்காணியோடு சண்டை பிடிப்பார், திருத்திவிடலாம். ஏஜென்டுக்கு அந்த மாலை இல்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எழுதியதை ஒரு வரி விடாமல் படித்து, அப்படியே நம்பும் வாசகர் வந்துவிட்டார். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

இவ்வளவு ஞானம் வந்த பிறகும் அறிக்கையில் எழுதினேன்: 'பயனர் தன் புத்தியைப் பயன்படுத்தி, தவறான அறிவுரையை மறுத்தார்.'

ரிஸ்வான் படித்துவிட்டுக் கேட்டார்: "அக்கா அப்பிடிச் சொன்னாங்களா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கேயே போன் போட்டேன்.

"அக்கா, அன்னைக்கு ஏன் மறுபடி மாத்திர போடல?"

"மாத்திர லயத்து வீட்டுலதானே இருந்துச்சு? அதுக்காக மலையில இருந்து இறங்கி வரச் சொல்றியா?"

"கையில இருந்திருந்தா?"

"போட்டிருப்பேன். நீ எழுதிக் குடுத்ததுதானே."

அறிக்கையில் அந்த வரியை அழித்துவிட்டு, நடந்ததை எழுதினேன்: பயனர் மலையில் இருந்தார். மாத்திரை லயத்தில் இருந்தது.