கட்டிலின் மேல் விழுந்த பழி

என் மகள் ஏரலில், என் அம்மா வீட்டில் பிறந்தாள். ஐந்தாம் மாதம் அவளைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு, மாமியார் வீட்டுக்கு வந்தேன். தொட்டில், வெள்ளி அரைஞாண், பால் சங்கு என்று வழக்கமான சீரெல்லாம் கூடவே வந்தன. பூவரசு மரத்தில் செய்த ஒரு கட்டிலும் வந்தது. எங்கள் தோட்டத்து மரத்தை வெட்டி, ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்து, அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்வித்த கட்டில். ஆணி ஒன்றுகூட அடிக்க விடவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்த இரண்டாவது வாரம், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த நாளில், பிள்ளையின் இடுப்பிலும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. வீறிட்டு அழுதாள். டாக்டர் பார்த்துவிட்டுப் பூச்சிக்கடி என்றார், தடவ மருந்து கொடுத்தார். என்ன பூச்சி என்று சொல்லவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"மூட்டப்பூச்சி. வேற என்னத்த?" என்றார் அத்தை. என் மாமியாரைத்தான் சொல்கிறேன். "இந்த வீட்டுல முப்பது வருசமா மூட்டப்பூச்சி கெடையாது. ஏரல்ல இருந்து சீரோட சேத்துக் குடுத்து விட்டிருக்காவ."

கட்டிலைப் புறவாசலுக்கு இழுத்துப் போட்டு, பொருத்துகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார். பிறகு மண்ணெண்ணெய். ஒரு பூச்சியும் வெளியே வரவில்லை. பிள்ளையைப் பாயில் படுக்க வைத்தோம். மறுநாளும் தடித்தது. அப்படியானால் கட்டில் குற்றவாளி இல்லையே என்று நான் சந்தோஷப்படுவதற்குள், "பூச்சி பாய்க்கு ஏறிட்டு" என்று தீர்ப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பேத்தியைப் பார்க்க அம்மா வருவதாக இருந்தது. வரும் வண்டியிலேயே கட்டிலை ஏற்றி அனுப்பிவிடச் சொன்னார் அத்தை. சீராக வந்த கட்டில் திரும்பிப் போனால் ஏரலில் எங்கள் தெரு முழுக்கக் காரணம் கேட்கும். அப்பா என்ன பதில் சொல்வார்? என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி இந்தக் கதையில் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது என் நாத்தனாரைப் பற்றி. கல்லூரியில் விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரை எது கடித்தாலும் அடிக்கவோ அலறவோ விடமாட்டாள். காலி மருந்துப் புட்டியும் கையுமாக வந்து நிற்பாள். ஒரு முறை குளவி கொட்டி என் உதடு வீங்கிக் கிடந்தபோது, "எந்தக் குளவி மதினி, மண்கூடு கட்டுததா, காகிதம் மாதிரி கட்டுததா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளை நான் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை.

புதன்கிழமை மத்தியானம் கல்லூரியிலிருந்து வந்தவள், பிள்ளையின் துணியை அவிழ்த்துத் தடிப்புகளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூட்டப்பூச்சி வரிசையா கடிக்கும், மதினி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. விரிப்புல பழுப்புப் பொட்டு கெடக்கும். இங்கன ஒண்ணையும் காணோம். கொசுன்னா ஒத்தையா வீங்கும். எறும்புன்னா சின்னக் கொப்புளம் வைக்கும். பூரான்னா ரெண்டு பல்லுத் தடம் இருக்கும். பூனை மேல இருக்குத தெள்ளுப்பூச்சின்னா கணுக்கால்லதான் கடிக்கும்."

"அப்போ இது என்னது?"

"திறந்து கெடக்குத கையில, மூஞ்சியில ஒண்ணுமே இல்ல பாருங்க. துணி மூடுத எடத்துல மட்டுந்தான் இருக்கு. எந்தப் பூச்சி துணிய வெலக்கிட்டுப் போய்க் கடிக்கும்?"

நான் மூன்று நாளாக அந்தத் தடிப்புகளைப் பார்த்துப் பார்த்து அழுதிருந்தேன். அவை எங்கே இல்லை என்று பார்க்கவே இல்லை. படிப்பு ஒருபுறம் இருக்கட்டும், அப்படிப் பார்க்கத் தெரிந்த கண்ணை இன்றைக்கும் நினைத்து வியக்கிறேன்.

பிள்ளையின் இடுப்புத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் புறவாசலுக்குப் போனாள். பிள்ளைத்துணியைத் தெருப்பக்கம் காயப்போட்டால் கண் படும் என்று, அத்தை தன் கையாலேயே அங்கே கொடி கட்டியிருந்தார். ஒரு முனை கிணற்றுத் தூணில், மறு முனை பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி நீண்டிருந்த முருங்கைக் கிளையில். நாத்தனார் துவைகல்லில் ஏறிச் சுவருக்கு அந்தப்புறம் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னையும் ஏறச் சொன்னாள். முருங்கையின் அடிமரமே தெரியவில்லை. கம்பளிப்பூச்சிகள் அப்பிக்கொண்டு, மரத்துக்குப் போர்வை போர்த்தியது மாதிரி இருந்தது.

"கடிக்கவே இல்ல. ரோமம் காத்துல பறந்து துணியில ஒட்டுது" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கொடியைக் கட்டியது யார் என்று அத்தையிடம் நேருக்கு நேர் கேட்டுவிடுவதாக இறங்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பைய மதினி. நாளைக்கு எனக்கு லீவு. என்கிட்ட விட்டுருங்க."

வியாழக்கிழமை காலை, கொடியில் காய்ந்த துணி ஒன்றை இடது முன்கையில் சுற்றிக் கட்டினாள். கொதிக்க வைத்து அடுப்படியில் உலர்த்திய துணியை வலது கையில் கட்டினாள். மண்ணெண்ணெய் நாறும் கட்டிலை உள்ளே இழுத்துப்போட்டு, மத்தியானம் வரை அதிலேயே படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அத்தை போகும்போதும் வரும்போதும் முறைத்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு கட்டையும் அவிழ்த்தாள். வலது கை சுத்தமாக இருந்தது. இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தது. கண்ணில் நீர் கோத்திருந்தது, ஆனாலும் சொறியவில்லை.

"பாரும்மா. கட்டில்ல முழுசாத்தான் படுத்தேன், இந்த ஒரு கை மட்டும் தடிச்சிருக்கு. பக்கத்து வீட்டு முருங்கைதான் செஞ்ச வேலை. அவங்ககிட்டச் சொல்லிக் கிளைய வெட்டச் சொல்லணும்."

பக்கத்து வீட்டு முருங்கை. அவ்வளவுதான் சொன்னாள். கொடி என்ற வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. நானாக இருந்தால் அதில்தான் ஆரம்பித்திருப்பேன்.

அத்தை கிட்டே வந்தார். மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருநீற்றை எடுத்து வந்து தடவிவிட்டார். பிறகு புறவாசலுக்குப் போய்க் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்து, முன்வாசலில், தெருவே பார்க்கும்படி கட்டினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அம்மா வந்தாள். பை நிறையக் கொய்யாப்பழம். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் உள்ளறையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"வாங்க மதினி, உள்ள வாங்க. எந்திரிக்க முடியல, பிள்ள இப்பத்தான் கண்ணசந்தா."

பூவரசங் கட்டிலில், என் மகளைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு, அத்தை கால்நீட்டிப் படுத்திருந்தார்.