கழுத்தைப் பார்த்த செயலாளர்

நரிக்குடிப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் அந்தச் செயலாளர் இருந்தார். எண்ணெய் தடவி அழுத்தி வாரிய தலை, காதில் செருகிய சிவப்புப் பென்சில். மனு கொடுக்கும் பெண்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தைத்தான் பார்ப்பார். எனக்கு அருவருப்பாக இருக்கும்.

எங்கள் பருத்திக் கடனின் தவணைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. முன்னதாகவே கட்டினால் சங்கத்தில் நல்ல பெயர் வரும், மாட்டு லோன் கிடைக்கும், ஒன்றரை வயது மகளுக்கு வீட்டிலேயே பால் இருக்கும் என்று நினைத்தேன். கணவர் வேண்டாம் என்றார். படித்தவள் நான்தானே என்று அவர் பேச்சைக் கேட்கவில்லை. முழுவதையும் கட்டி, ரசீதோடு மாட்டு லோன் மனுவையும் நீட்டினேன்.

செயலாளர் என் கழுத்தைப் பார்த்தார்.

"போன மாசம் சங்கிலி கெடந்துச்சே, எங்கம்மா?"

என் கை கழுத்துக்குப் போனது.

"அடகுக்கடையில வச்சு இங்க கட்டிருக்கீக. நாளைக்கு மாட்டை வித்துச் சங்கிலியை மீட்பீக. எங்க லோனை யாரு கட்டுவா?"

"உங்க கடனைத்தானே சார் கட்டுனேன்? அது தப்பா?"

"பருத்தி வித்தவுக தவணைக்குக் கட்டுவாக. பயந்தவுகதான் முன்னாடியே ஓடி வருவாக. பயந்தவுகளுக்கு நான் லோனு குடுக்குறதில்ல."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பென்சிலை எடுத்து மனுவின் குறுக்கே கோடு போட்டார்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. இன்னும் தண்ணீர் கலந்த கடைப்பால்தான். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. அவர் சொன்னதில் எது பொய் என்று தேடினால் ஒன்றும் அகப்படுவதுமில்லை. சங்கிலியை மீட்டாகிவிட்டது. ஆனாலும் எந்த அலுவலகத்தில் நுழைந்தாலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.