நிரந்தர முகவரியில் குவார்ட்டர்ஸ் எண்ணை எழுதிய பாவத்துக்கு ஒரு நெய்வேலிப் பயணம்

ஆகஸ்ட் கடைசி வாரம் மூன்று நாள் விடுப்பில் மஸ்கட்டிலிருந்து நெய்வேலிக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, ஒரே ஒரு கையெழுத்துக்காக. வெளிநாட்டில் வேலை மாறப்போகும் நெய்வேலிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், என்னைப் போல அலையாமல் தப்பிக்கலாம்.

பதினொரு வருடம் இயற்பியல் நடத்திய பள்ளியை விட்டு, இன்னொரு பெரிய பள்ளியில் துறைத் தலைவராகச் சேர வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் நாள். அங்கே வாரம் அன்றுதான் தொடங்கும். பழைய பள்ளி கொடுத்த ஃபிளாட்டைச் சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். புது ஃபிளாட் புது வேலையோடு சேர்ந்து வருவது. எல்லாக் காகிதமும் தயார், போலீஸ் நற்சான்றிதழ் தவிர. அந்த முகவரியில் அப்படி ஒருவரும் இல்லை என்று விசாரிக்கப் போன நெய்வேலி போலீஸ் அறிக்கை அனுப்பியிருந்தது.

டவுன்ஷிப்பில் வளர்ந்த நாங்கள் கூசாமல் செய்யும் முட்டாள்தனம் இது. அப்பாவுக்கு வேலை இருக்கும்வரைதான் குவார்ட்டர்ஸ் என்று தெரிந்தும், ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தைக் கண்டால் கை தானாக அந்த எண்ணை எழுதிவிடும். அப்பா ஓய்வுபெற்று, சாவியை ஒப்படைத்து, கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. பாஸ்போர்ட்டில் மட்டும் நான் இன்னும் அங்கேயே குடியிருந்தேன்.

வியாழன் காலை 5.50க்குக் கிளாம்பாக்கத்தில் பஸ். ஏறத்தாழ 165 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். விக்கிரவாண்டி தாண்டியதும் சாலை வேலை, முதுகைக் கழற்றிவிட்டது. காடாம்புலியூரில் பஸ் நின்றபோது, முந்திரி இங்கேதான் மலிவு என்று பக்கத்து சீட்டுக்காரர் கரிசனமாகச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. 10.50க்கு நெய்வேலி ஆர்ச் கேட். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆட்டோ 120 ரூபாய்.

ஸ்டேஷனில் மரியாதையாகவே பேசினார்கள். அந்த வீட்டில் இப்போது இருப்பவர், இவர் குடும்பம் முன்பு இங்கே இருந்தது உண்மை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அன்றைக்கே திருத்தி அனுப்பலாம் என்றார்கள். ஒரு வரிதானே என்று ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் பிளாக்கைக் கேட்டார். எண்ணைச் சொல்லும்போது, வாய் ‘எங்க வீடு’ என்றது.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் செல்வி. கணவர் சுரங்கத்தில் முதல் ஷிப்ட் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. போலீஸ்காரர் வந்து என் பெயரைச் சொல்லி இங்கே இருக்கிறாரா என்று கேட்டதும், குவார்ட்டர்ஸை உள்வாடகைக்கு விட்டதாக யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள் என்று பயந்துபோயிருக்கிறாள். உள்வாடகை என்று சந்தேகம் வந்தாலே வீடு போய்விடும் என்பது டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் உள்ள கிலி. அந்தப் பெயரையே கேட்டதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எழுதிக் கொடுக்கவும் மறுத்தாள். கணவர் பதினாறு வருடம் கான்ட்ராக்டில் கிடந்து, போன வருடம்தான் பர்மனென்ட் ஆகியிருக்கிறார். எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் இருபத்திரண்டு வருடம் இருந்த வீடு இது, பொய்யா எழுதச் சொல்கிறேன் என்று குரலை உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை.

“உங்களுக்கு இதாச்சும் நின்னுக்கினு இருக்குது, டீச்சர். எங்க வூடு இருந்த எடம் இப்ப மைன்ஸுங்க. எங்க ஆதார்ல இன்னும் அந்த வூட்டு நம்பர்தான் கீது. எங்கள விசாரிக்க வந்தா, போலீஸ் குழிக்குள்ளதான் எறங்கணும்.”

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். எழுதி வாங்க எடுத்துப்போன பேப்பரைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அவள் இடத்தில் நானும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன் என்பதும் தெரியும்.

2.15க்குத் திரும்புகிற பஸ். பண்ருட்டி தாண்டும்போது புதிய பள்ளிக்கு எழுதி இன்னும் மூன்று வாரம் கேட்டேன். திண்டிவனத்தில் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள், வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை பழைய ஃபிளாட்டின் சாவியைக் கொடுத்தேன். இப்போது மஸ்கட்டிலேயே ரூவி பகுதியில் ஒரு நர்ஸோடு அறையைப் பகிர்ந்துகொண்டு டியூஷன் எடுக்கிறேன்.

போகிறவர்களுக்கு: நற்சான்றிதழுக்கு, வேலையில் சேர இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டில் முகவரியை மாற்றிவிட்டு வேலையை மாற்றுங்கள். பழைய வீட்டில் இருப்பவர்களை முன்கூட்டியே பார்த்துப் பேசுங்கள், போலீஸ் போவதற்கு முன்.

என் பாஸ்போர்ட் முகவரி மாற்ற விண்ணப்பம் கணினியில் பாதியில் நிற்கிறது. அண்ணன் வீட்டு முகவரியைப் போடலாம் என்றால், அதுவும் வாடகை வீடு. இந்த ரூவி அறை மாதாமாதம். யாராவது வந்து கேட்டால், ஆமாம், இவள் இங்கேதான் என்று சொல்லும் ஒரு கதவு வேண்டும். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், நிரப்பி அனுப்பிவிடுகிறேன்.